சுவிசிலிருந்து திரும்பி வந்த தம்பி தொடர்பாக

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
18 ஜூன் 2026

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்கட்கு,

தங்கள் தம்பி கனகசபாபதி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் பேர்ண் நகரத்துக் குளிருக்குள் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று அளந்தபோது எனக்குப் பிறெஷர் நூற்று எழுபத்தெட்டு. பவளம் என்னோடு கதைத்து நாலு நாளாகிறது. மகள் மயூரி வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். தம்பி சிவக்கொழுந்து மட்டும் நலம். இந்த வீட்டில் நலமாக இருக்கும் அந்த ஒரே ஆளைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

வைபர் இருக்க ஏன் இவன் முத்திரை ஒட்டுகிறான் என்று யோசிப்பீர்கள். வைபரில் நான் உங்களோடு கதைத்தால் நீங்கள் போனைக் காதில் வைக்காமல் மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறீர்கள், நான் சொல்வது உங்கள் மருமகளின் தாய் தகப்பன் வரைக்கும் கேட்கிறது. அதோடு உங்கள் ஒப்பமும் வேண்டியிருக்கிறது. இத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் கொழுந்தை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பொறுப்பாளர் என்று ஒப்பமிட்டவர் நீங்கள், அடுத்த மாதமே பிளேன் ஏறியவரும் நீங்கள். குற்றமாகச் சொல்லவில்லை, கோப்பில் அப்படி இருக்கிறது. இப்போது அவனை மூன்று மாதப் பரீட்சார்த்த விடுமுறையில் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டம். முதலாவது, 'நோயாளியை நிரந்தரமாக வீட்டில் ஏற்றுக்கொள்கிறேன்.' இரண்டாவது, 'ஏற்றுக்கொள்ளக்கூடிய உறவினர் எவரும் இல்லை.' அவனுடைய பழைய கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம், ஆகையால் இரண்டாவதில் ஒப்பமிட்டால் உறவினர் இல்லாதோருக்கென்று மலைநாட்டுப் பக்கம் இருக்கும் ஒரு விடுதிக்கு அவனை அனுப்புவார்கள். முதலாவதுக்கு ஓர் ஆளின் ஒப்பம் போதும். இரண்டாவதுக்கு இரண்டு பேருடையது வேண்டும். வைத்துப் பார்க்க ஒருவர், கைவிட இருவர், கொள்கை அப்படி. நீங்கள் அந்த இரண்டாவது கட்டத்தில் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம். நீங்கள் வைத்தபின் நானும் வைப்பேன். ஏன் என்பதை இனி விளக்குகிறேன், கொஞ்சம் நீளும், அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாசிக்கவும்.

இந்த வில்லங்கத்துக்கு நானும் உடந்தை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான் அரச மொழிபெயர்ப்பாளராக இருந்த கடைசி வருடங்களில் ஒரு கொள்கை ஆவணம் என் மேசைக்கு வந்தது. கடும் மனநோய் உள்ளவர்களை வருடக் கணக்கில் வாட்டுகளில் பூட்டி வைத்திருப்பது தவறு, அவர்களை வீட்டுக்கு அனுப்பி அங்கேயே மருந்தும் ஆதரவும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுவதையும் தமிழாக்கியவன் அடியேன். 'நோயாளியைச் சமூகத்தின் அரவணைப்பில் மீள ஒப்படைத்தல்' என்று நான் எழுதிய வரியை எங்கள் பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கனகசபாபதி, இது மொழிபெயர்ப்பில்லை, கவிதை என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. சமூகம் என்பது எங்கேயோ இருக்கும் வேறு ஆட்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓரிடத்திலாவது எனக்குக் கொழுந்தின் நினைவு வந்ததா என்று கேட்காதீர்கள், கடைசித் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது, போனேன். உத்தியோகத்தர் இளம் பொடியன், மிகவும் மரியாதையானவன். உங்கள் தம்பி சுகமாகிவிட்டார், அதாவது இனி முழுக்கச் சுகமாக மாட்டார், ஆனால் மாதம் ஓர் ஊசியும் தினமும் குளிசையும் எடுத்தால் வெளியில் சீவிக்கலாம், இனிச் சமூகம் அவரைப் பொறுப்பெடுக்கும் என்றான். நல்லது தம்பி, அந்தச் சமூகத்தின் விலாசம் என்ன என்று கேட்டேன். கோப்பைத் திறந்து என்னுடைய விலாசத்தை வாசித்தான். நாலாம் மாடி என்பது உட்பட எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் இரண்டு அறைதான், மகளுக்குச் சம்பந்தம் பார்க்கிறோம் என்றெல்லாம் சொன்னேன். அவன் லாச்சியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்து, ஐயா முப்பத்தி நாலாம் பக்கத்தை வாசியுங்கோ, அன்பான குடும்பச் சூழலைப் பற்றி நல்லாய் எழுதியிருக்கு என்றான். நான் எழுதியதுதான். நல்லாய்த்தான் இருந்தது.

ஆனால் பெரிய சிக்கல் அதுவல்ல. கொழுந்து ஆஸ்பத்திரியில் இல்லையே, அவன் சுவிசில் அல்லவா இருக்கிறான். உங்களோடு பேர்ணில் இருக்கிறான் என்று பவளம் ஆரம்பித்து வைத்த கதைக்கு நீங்களும் ஒத்தாசை செய்தீர்கள். நீங்கள் அனுப்பிய பனிப் படத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மூக்கு மட்டும் தெரிய நிற்கும் அத்தானின் கூட்டாளியைத்தான் கொழுந்து என்று சொல்லி வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம். இந்த மாடித் தொடர் முழுக்க அவருக்கு வணக்கம் சொல்லாத ஆள் இல்லை. இப்போது உண்மையான ஆளைக் கொண்டு வரவேண்டும். பொய் என்றாலும் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே வாடகைக்கு ஓடும் ஹுசைனின் வானைப் பிடித்தேன், சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த கிழமை, சூட்கேஸ் ஒன்றில் பழைய பேப்பர்களை நிரப்பினேன், வெள்ளவத்தைக் கடையில் சுவிஸ் சொக்லேற் வாங்கி ஒட்டியிருந்த விலையை நகத்தால் சுரண்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தை ஏற்றிக்கொண்டு நேரே கட்டுநாயக்காவுக்கு விட்டோம். விமான நிலையத்து வாசலில் சூட்கேசோடு அவனை நிற்பாட்டி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். நீர்கொழும்பு வீதியில் பாதி தூரம் போனபின் கொழுந்து கேட்டான், அண்ணை, ஆரையும் ஏத்தப் போறமோ என்று. உன்னைத்தான் என்றேன். சூட்கேசையும் என்னையும் பார்த்தான். பிறகு தணிந்த குரலில், "அண்ணை, நீங்கள் மருந்து ஏதும் எடுக்கிறியளோ?" என்று கேட்டான். ஹுசைன் கண்ணாடிக்குள்ளால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தான், எவரை ஏற்றியது எவரைக் கூட்டிப் போவதற்கு என்று அவனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

வந்து இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் எதிர்வீட்டு மெற்றில்டா வந்துவிட்டார். அவருக்கு ஊரில் ஒரு ஆள் புதிதாக வந்தால் பொறுக்காது. அங்கே எப்படி, குளிரா, சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் கொழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னான். விடிய அஞ்சு மணிக்கு எழுப்புவினம், வரிசையிலை நிண்டு ரீ எடுக்கவேணும், பிறகு எண்ணுவினம், கேற்றைப் பூட்டி வைப்பினம், டொக்டர் கிழமைக்கு ரெண்டு தரம் வருவார், எல்லாம் இலவசம் என்றான். மெற்றில்டா கைகளைக் கூப்பிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதுதான் சொல்றது, அங்கை எல்லாம் ஒழுங்கு, எங்கடை நாடு எப்ப திருந்தப் போகுது என்று பெருமூச்சு விட்டுப் போனார். போகும்போது இரண்டு சொக்லேற் பெட்டி.

பவளம் முதல் நாளே வீட்டில் இருந்த கத்திகளை எல்லாம் ஒரு துவாயில் சுற்றித் தன் சேலை அலுமாரிக்குள் பூட்டிவிட்டாள். பயம், வேறென்ன. எனக்கும்தான். அதனால் நாலு நாள் முழுக் கத்தரிக்காயும் முழு உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். பூசணிக்காயை மயூரி கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து உடைத்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஐந்தாம் நாள் கொழுந்து குசினி வாசலில் நின்று, அண்ணி, கத்தி இல்லையோ, நான் வாட்டுக் குசினிக்குப் பதினாலு வருசம் மரக்கறி வெட்டினனான், ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்கு என்றான். பவளம் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து கொடுத்தாள். அக்கா, அவன் போஞ்சி வெட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும், அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. அன்றிலிருந்து பவளத்துக்கு அவன்தான் உலகம். அவளும் அவனும் குசினிக்குள் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்கும், நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள்.

தரகர் கதிரித்தம்பியின் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடமாக மயூரிக்குச் சம்பந்தம் பேசுகிறார். வைகாசியில் ஒரு நாள் சாதகக் கட்டோடு வந்தவர், பல்கணியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த கொழுந்தைக் கண்டார். ஆர் ஐயா அது என்றார், சுவிஸ் தம்பியோ என்றார், கலியாணம் முடிச்சவரோ என்றார். இல்லை என்று சொன்ன வாயை நான் அடித்திருக்க வேண்டும். அடுத்த கிழமை மயூரிக்கு ஒரு சாதகமும் கொழுந்துக்கு ஏழு சாதகமும் வந்தன. ஐம்பத்திரண்டு வயது என்று சொன்னேன், சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு வயதில்லை என்றார். அதிகம் கதைக்க மாட்டான் என்றேன், வெளிநாட்டில் இருந்தவை அப்பிடித்தான் என்றார். சில நேரம் தனியக் கதைப்பான் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன், புளூடூத் போட்டிருப்பார் என்றார். என் மகளுக்குப் பழுது வரக்கூடாதென்று பத்தொன்பது வருடம் ஒளித்து வைத்த ஆளுக்கு, என் மகளை விட நல்ல கிராக்கி. கொழுந்திடம் இதைச் சொன்னபோது ஏழு சாதகத்தையும் ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்து, பாவம் அண்ணை, அந்தப் பிள்ளையளுக்கு ஆரும் உண்மையைச் சொல்லவேணும் என்றான்.

எல்லாம் பகிடி இல்லை அக்கா. வைகாசிக் கடைசியில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவனுடைய குளிசை முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் இல்லை. நான் மொழிபெயர்த்த ஆவணத்தில் 'தடையற்ற மருந்து விநியோகம்' என்று ஒரு தலைப்பே இருக்கிறது, எட்டுப் பந்தி. மூன்றாம் நாள் காலை அவன் லிப்டுக்குள் போய் நின்றுவிட்டான். வெளியே வரமாட்டான். தலைக்குள் ஏசும் குரல்கள் லிப்டுக்குள் மட்டும்தான் கேட்கவில்லையாம். மேலும் கீழுமாக முற்பகல் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தான், கதவு திறக்கும் ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் நிற்கிறார்கள், அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் ஏறுகிறார்கள் இல்லை. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான் அக்கா. கதவு திறந்த நேரம் நான் கிட்டப் போக, அண்ணை நீங்கள் வராதேங்கோ, வெளியிலை உங்களையும் ஏசுதுகள் என்றான். இந்தப் பகுதிக்குப் பொறுப்பான தாதி அஸ்காவுக்குப் போன் அடித்தேன். அவருக்கு இருநூற்றுச் சொச்சம் நோயாளிகள், வாகனம் இல்லை. எப்படியோ டெங்கு ஒழிப்புக்காரரின் வாகனத்தில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். புகை அடிக்கும் மெஷினோடு அந்த வாகனம் வாசலில் நின்றதுதான் தாமதம், ஏழு மாடி ஆட்களும் அபராதத்துக்குப் பயந்து பூச்சாடித் தண்ணீரை ஊற்ற ஓடிவிட்டார்கள். லிப்டடியில் ஒரு குருவியும் இல்லை. அஸ்கா மெற்றில்டாவிடம் ஒரு ஸ்டூலை வாங்கிக்கொண்டு லிப்டுக்குள் போய், அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். கதவு மூடியது. நாலு தரம் மேலே போய் நாலு தரம் கீழே வந்தார்கள். ஐந்தாம் தரம் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள், அவர் கைப்பையில் இருந்த வேறு ஒரு நோயாளியின் குளிசையில் பாதி இவன் வயிற்றில் இருந்தது. அப்படிக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். போகும்போது என்னைப் பிடித்துப் பிறெஷர் பார்த்தார். ஐயா, இந்த வீட்டில எனக்கு ரெண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போனார்.

இனித்தான் போன ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையிலிருந்து கிஷாந்த் என்று ஒரு பொடியன், கணினி எஞ்சினியர், நல்ல குடும்பம், தகப்பன் இல்லை. சாதகம் பொருந்தி, மயூரியும் இரண்டு தரம் போனில் கதைத்து, ஓம் என்று தலையாட்டும் நிலைக்கு வந்திருந்தாள். தாயும் தாய்மாமனும் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த நேரம் கொழுந்தைக் கோயிலுக்கு அனுப்பி வைக்க நினைத்தால், கதிரித்தம்பி முன்கூட்டியே சுவிஸ் சித்தப்பாவின் புகழைப் பாடிவிட்டார், தாய் அவரைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை முழுக்க அவனுக்குப் பாடம் எடுத்தேன். மூன்றே மூன்று மறுமொழி. பேர்ண். நல்ல குளிர். லீவிலை வந்தனான். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொய் சொன்னா எனக்குத் தலைக்குள்ளை சத்தம் கூடும் அண்ணை, நான் பேசாமல் இருக்கிறனே என்றான். சரி, அப்படியே இரு என்றேன்.

இருந்தான். றோல்ஸ் வந்தது, கட்லட் வந்தது, மயூரி ரீ கொண்டு வந்தாள், எல்லாம் சோக்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை அதிகம் கதைக்காத மனிசி, கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், தம்பி சுவிசுக்குத் திரும்ப எப்ப போறியள் என்று. நான் இரும ஆரம்பித்தேன். கொழுந்து என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"நான் சுவிசுக்குப் போகேல்லை அம்மா. பத்தொன்பது வருசம் மனநோய் ஆஸ்பத்திரியிலை இருந்தனான். இப்ப ஊசியும் குளிசையும் எடுத்துச் சுகமாய் இருக்கிறன். அண்ணைக்கு அதைச் சொல்ல வெக்கம்."

தாய்மாமன் கடித்த றோல்சை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார். அந்த அம்மாவின் கோப்பை சரிந்து ரீ சேலையில் கொட்டியது. எழும்பினார். இரண்டு பேரும் படியால் இறங்கிப் போனார்கள், லிப்டுக்கு நிற்கக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு நான் கொழுந்தை வாய்க்கு வந்தபடி பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். கடைசியாக, நீ அங்கையே கிடந்திருக்கலாம் என்றேன். மயூரி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, சித்தப்பா ஒரு பொய்யும் சொல்லேல்லை அப்பா, சொன்னது முழுக்க நாங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். பவளம் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சம்பந்தம் குழம்பியதற்கல்ல, நான் பேசிய பேச்சுக்கு. கொழுந்து தன் கட்டில் விரிப்பை மடித்து, உடுப்பு இரண்டையும் அந்தச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டு, என்றைக்குப் போகவேண்டும் அண்ணை என்று கேட்டான்.

ஆகவே அக்கா, நிலைமை இதுதான். நான் கெட்டவன் இல்லை. கொள்கை நல்லது, அதை நான் எழுத்தெழுத்தாக அறிவேன். ஆனால் கொள்கைக்கு மகள் இல்லை. மருந்து இல்லாத நாளில் அதற்கு லிப்டு வாசலில் நிற்க வேண்டியதும் இல்லை. மலைநாட்டு விடுதி நல்ல காற்றோட்டமான இடம் என்று கேள்வி. இரண்டாவது கட்டத்தில் ஒப்பமிட்டு, திகதியை விட்டுவிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கவும். 'உறவினர் எவரும் இல்லை' என்ற வசனத்தைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம், அது படிவத்தில் அச்சடித்து வரும் வசனம், நாங்கள் சொல்வதல்ல. அத்தானின் முழங்கால் நோவு குறையவும், பேரப்பிள்ளைகள் தமிழ் பேசவும், உங்கள் வீட்டில் வருத்தம் துன்பம் அணுகாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி,
ஆ. கனகசபாபதி
(ஓய்வுபெற்ற அரச மொழிபெயர்ப்பாளர்)

இணைப்பு: படிவம் ஒன்று.

பின்குறிப்பு: மேலே எழுதியவை யாவும் ரத்து. இணைப்பு என்று குறிப்பிட்ட படிவம் உறைக்குள் இல்லை, தேட வேண்டாம்.

கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுத் தபால் கந்தோருக்கு வெளிக்கிடும்போது மணி அடித்தது. கிஷாந்தின் தாய், தனிய. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, படியேறி மூச்சு வாங்க நின்றார். சாதகத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பி நிக்கிறாரோ என்றார். கொழுந்தை வரச் சொன்னேன். அவனுக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அவர் சொன்னார், கிஷாந்துக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறானாம். அவுஸ்திரேலியாவில் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். ஆறு வருடமாகப் பின் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். அவர் எங்கள் மயூரியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அங்கை கொண்டு போனா அடிப்பினமோ தம்பி?"

கொழுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்ல மாட்டான்.

"முந்தி ஒருத்தர் அடிக்கிறவர். எல்லாருக்கும் இல்லை அம்மா, பாக்க ஆக்கள் வராத ஆக்களுக்குத்தான். இப்ப அவர் இல்லை. நீங்கள் போய்ப் பாப்பியள்தானே? அப்ப ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

அக்கா, பத்தொன்பது வருடத்தில் நான் போனது பதினொரு தரம். மாசியில் அந்தக் கடிதம் வரமுதல் நாலு வருடம் ஒரு தரம் கூட இல்லை. உனக்கு அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. குசினி வாசலில் பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதை மறைத்து எழுத இனி விருப்பமில்லை. கொழுந்து தன் கிளினிக் கொப்பியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், தாதி அஸ்காவின் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தான். பிறகு, அவவோடை போய் அந்தப் பொடியனைப் பாத்திட்டு வரட்டோ அண்ணை என்று என்னிடம் உத்தரவு கேட்டான். நான் தலையாட்டினேன். இரண்டு பேரும் போனபின் உறையைப் பிரித்துப் படிவத்தை எடுத்து, முதலாவது கட்டத்தில் ஒப்பமிட்டேன். ஓர் ஆள் போதும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் நான் உங்களிடம் என்ன கேட்டேன் என்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் அப்படியே அனுப்புகிறேன். பவளம் கதைக்கத் தொடங்கிவிட்டாள், சோறு ஆறுகிறது, போன் எடுத்துப் பாருங்கோ என்கிறாள். அவனிடம் போன் இல்லை. அவன் போய் மூன்று மணித்தியாலம் ஆகிறது. நான் பல்கணியில் நின்று, காலி வீதிப் பக்கமிருந்து அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.